பந்தைக் கேட்காதவன்

எங்கள் பக்கத்தில் கால்பந்தைக் காலால் ஆடுவது கொஞ்சம்தான், மீதியெல்லாம் வாயால். ஆர்.எஸ். மங்கலத்திலிருந்து உப்பூர் வரைக்கும் எந்த ஊர் மைதானத்தில் வேண்டுமானாலும் போய் நின்று பாருங்கள். அணிக்கு ஏழு பேர். பந்து ஒருவனிடம் இருக்கும், மற்ற ஆறு பேரும் "ஏலே, இங்கன குடு, இங்கன" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். அந்த ஆறு பேரில் கோல்கீப்பரும் உண்டு. அவருக்கு எதற்குப் பந்து என்று இந்த நாற்பத்தைந்து வயது வரை எனக்கு விளங்கியதில்லை.

இந்தக் கூச்சலுக்கு நடுவே ஒருத்தன் வாயைத் திறக்காமல் ஒரு போட்டி முழுக்க ஸ்ட்ரைக்கராக ஆடிவிட்டுப் போனான். பர்மாவிலிருந்து வந்தவன், வயது இருபத்தொன்று. பந்து வேண்டுமென்று கையைத் தூக்க மாட்டான், கத்த மாட்டான், கொடுக்காதவனை முறைக்கவும் மாட்டான். பந்து எங்கே வந்து விழும் என்று தோன்றுகிறதோ அங்கே போய் நிற்பான். வந்தால் அடிப்பான். வராவிட்டால் அடுத்த இடத்துக்கு நடப்பான். முதல் இரண்டு ஆட்டங்களில் எங்கள் பயல்கள் அவனுக்குப் பந்தே கொடுக்கவில்லை. கேட்காதவனுக்கு எப்படிக் கொடுப்பது என்பது அவர்கள் கட்சி. அந்த இரண்டிலும் அவன் ஆட்டத்துக்கொரு கோல் போட்டான். இரண்டும் எதிரணிக்காரன் காலிலிருந்து தவறி வந்த பந்துகள்.

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவன் இப்போது இருக்கிற இடத்தில் அவனுக்கு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. ஊரில் எல்லோரும் 'பர்மாக்காரன்' என்றார்கள். அவனும் அதற்கே திரும்பிப் பார்த்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பஸ் நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், ஃப்ளெக்ஸ் டிசைன். போட்டி நாட்களில் மைக்கைப் பிடித்து வர்ணனை. ஊரில் எந்தக் காகிதம் உருவானாலும் என் கடை வழியாகத்தான் தாலுகா ஆபீசுக்குப் போகும். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, அல்லது இருந்தது.

ஒரு மாசி மாதம் அவனும் அவன் அம்மாவும் அந்தக் கடை வாசலில்தான் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். அவன் தாத்தாவின் அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைத்துவிட்டு, அப்படியே பூர்வீக ஊரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள். கையில் பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு பழைய கடிதம். அதை எழுதியவர் என் தாத்தா. எழுதியது ரங்கூனில் இருந்த அவருடைய சொந்த அண்ணனுக்கு. மழை பொய்த்த ஒரு காலத்தில் கப்பலேறிப் போன அந்த அண்ணன் திரும்பி வரவே இல்லை. அந்த அண்ணனின் கொள்ளுப்பேரன் இவன். உறவு முறை பார்த்தால் நான் அவனுக்குச் சித்தப்பா. இதை அவன் வந்த பத்தாவது நிமிடமே கண்டுபிடித்து, "சித்தப்பா" என்று கூப்பிட்டுவிட்டான். பதிலுக்கு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நான் "டீ சாப்பிடுறியா" என்றேன்.

"ஒண்ணுமில்ல சித்தப்பா" என்றான்.

அதுதான் அவனுடைய பதில். டீ வேண்டுமா என்றாலும், காலில் மிதிபட்டு வலிக்கிறதா என்றாலும், ஊர் பிடித்திருக்கிறதா என்றாலும் ஒண்ணுமில்ல. அம்மா ஒரு வாரம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். அவனுக்கு விசாவில் இன்னும் சில மாதங்கள் இருந்தன. எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கினான்.

அவர் போன நான்காம் நாள் என் மனைவி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். "ஏங்க, உப்பு போடாத குழம்ப ரெண்டு கரண்டி ஊத்தியிருக்கேன். அந்தப் புள்ள முழுசா சாப்ட்டுட்டு நல்லாருக்கு சித்தின்னுட்டுப் போகுது. நான் வாயில வச்ச பெறகுதான் தெரியுது."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லாது. மாடியில ஃபேன் சுத்தலயாம், மூணு நாளாச்சு. கொசுக்கடியில கெடந்துருக்கு. கால்ல பாத்துட்டு நானாத்தான் கேட்டேன். நீங்க ஒரு நாளாச்சும் அப்படிப் பேசாம கெடந்துருக்கீகளா?"

இந்த மாதிரி ஒப்பீடுகளை நான் ஊக்குவிப்பதில்லை. மேலே போய் ஃபேனைச் சரிசெய்துவிட்டு, ஏன்டா கேட்கவில்லை என்றேன். அவனுடைய தமிழ், கப்பலேறிப் போன காலத்துத் தமிழ். எங்கள் ஊர் இழுவை அதில் அப்படியே இருந்தது. நிறுத்தி நிறுத்திப் பேசினான்.

"எங்க ஊர்ல அதுக்கு ஒரு வார்த்த இருக்கு சித்தப்பா. 'ஆனாடே'ன்னு சொல்வாங்க. நாம ஒண்ணு கேட்டா அவுங்களால இல்லன்னு சொல்ல ஏலாது. அவுங்களுக்குச் சங்கடம். அதான் கேக்கிறதில்ல."

எங்கள் ஊரில் அதற்கு வார்த்தை கிடையாது. இல்லையென்று சொல்வதில் எங்களுக்கு ஒருபோதும் சங்கடம் இருந்ததில்லை.

அவன் ரங்கூனில் ஒரு பெரிய கிளப்பின் இளையோர் அணியில் ஆடியவன் என்பதே எங்களுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதையும் அவன் சொல்லவில்லை. செல்போனில் அம்மாவின் படத்தைக் காட்டும்போது விரல் தவறி வேறொரு படம் வந்தது. பச்சைப் புல்வெளியில் வரிசையாக நிற்கும் பையன்கள், ஓரத்தில் பாதி உடம்பு மட்டும் தெரிகிறபடி இவன். பத்தொன்பது வயதுக்குட்பட்ட தேசிய அணிக்கான முகாமாம். பதினோரு நாள் நடந்ததாம். பிறகு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் முகாமைக் கலைத்துவிட்டார்களாம். சட்டைக்கு அளவெடுத்ததோடு சரி, சட்டை வரவில்லை என்றான். பன்னிரண்டாம் நாள் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றான்.

அணியின் கேப்டன் ராசுவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். ராசு டிராக்டர் ஓட்டுகிறவன், பதினைந்து வருடமாகக் கோப்பையைக் கனவில் மட்டும் தூக்குகிறவன். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இவன் பந்தைக் கீழே விடாமல் முழங்காலிலும் பாதத்திலும் குதிகாலிலும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருந்தான். பர்மாவில் பிரம்புப் பந்தை வைத்து இப்படி ஆடுவார்களாம். ராசு அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றினான்.

ஆனால் வட்டாரப் போட்டிக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆடுகிறவன் அந்தந்த ஊரில் தலைக்கட்டு வரி கட்டுகிற வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்களே, அந்த வரி. சில ஊர்கள் மதுரையிலிருந்து ஆட்களை இறக்கிக் கோப்பையை அள்ளிக்கொண்டு போனதால் வந்த சட்டம். எங்கள் ஊர் அந்தச் சட்டத்தை உயிராக மதித்தது. ஆள் இறக்க எங்களுக்கு வசதி இருந்ததில்லை. இப்போது ஆள் தானாகவே பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான். அதனால் சட்டத்தை இன்னும் ஆழமாக மதிப்பது என்று முடிவாயிற்று.

ஊர்த் தலைவரும் ராசுவும் கடைக்கு வந்தார்கள். அவன் இந்த ஊர்த் தலைக்கட்டின் நேர் வாரிசு என்பதை யாரும் வாய் திறக்க முடியாதபடி நிரூபிக்க வேண்டும் என்றார் தலைவர். நான் வம்சாவழிப் படம் போட்டேன். பெரிய தாள், கலர் பிரிண்ட். உச்சியில் குலசாமி. அதற்குக் கீழே அண்ணன் தம்பி இருவரையும் பெற்றவர், இடப்பக்கக் கிளையில் பர்மா போன அண்ணன், வலப்பக்கக் கிளையில் என் தாத்தா. அடிக்கட்டத்தில் ஜெர்சி போட்ட அவன் போட்டோ. லேமினேஷனும் செய்தேன். என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக எதையும் செய்ததில்லை.

அய்யா கடைக்கு வந்து அதைப் பார்த்தார். என் அப்பாவுக்கு எழுபத்தாறு வயது, பார்வை மட்டும் பருந்துக்குரியது. "ஏலே, எதையாச்சும் எழுதிக் குடுத்துத் தொலச்சிராத" என்றார்.

"வெறும் பந்து வெளையாட்டுக்குத்தான்யா."

"மேல கெடக்கிற பேரு வெளையாட்டுக்கா கெடக்கு?"

அந்தக் கேள்வியை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்களுக்குக் கோப்பை வேண்டியிருந்தது.

மிளகாய்ப் பழம் பறித்து முடித்ததும் போட்டி தொடங்கியது. மைதான வாசலில் அவன் வம்சாவழியைக் கட்டித் தொங்கவிட்டோம். ஆட்டத்துக்கு முன் அவன் கன்னம் இரண்டிலும் ஏதோ மரப்பட்டையைக் கல்லில் அரைத்துப் பூசிக்கொள்வான். வெயிலுக்குக் குளிர்ச்சியாம், அங்கே எல்லோரும் பூசுவார்களாம். வாலிநோக்கம் அணியில் எல்லாரும் உப்பளத்து வேலைக்காரர்கள், வெயிலைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது மந்திரித்த சந்தனம் என்று அவர்கள் புகார் செய்தார்கள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, கைக்குட்டையால் அவன் கன்னத்தைத் துடைத்து, முகர்ந்து பார்த்து, தன் உதவியாளரையும் முகரச் செய்து, பிறகு ஆடலாம் என்றார். அவன் கன்னத்தைக் காட்டிக்கொண்டு அமைதியாக நின்றான். நின்றவன் இரண்டு கோல் போட்டான். ஒவ்வொன்றும் போட்ட பிறகு கீழே கிடந்த கோல்கீப்பரைத் தூக்கிவிட்டு, அவர் முதுகு மண்ணைத் தட்டிவிட்டு வந்தான். எங்கள் கூட்டம் அவனைப் பார்த்து, "கையக் காட்டுடா, ஓடுடா, சட்டையக் கழட்டுடா" என்று கெஞ்சியது. அவன் நடுக்கோட்டுக்கு நடந்தான்.

இறுதி ஆட்டம் பாம்பன் அணியோடு. கடல் மணலில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள், கட்டாந்தரையில் பூட்ஸ் போட்டு ஆடும் எங்களைப் பார்த்தாலே அவர்களுக்குச் சிரிப்பு. ஆளுக்கொரு கோலோடு நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் வலது ஓரத்தில் பந்து ராசுவிடம் வந்தது. நான்கு பேர் அவனிடம் கத்தினார்கள். பர்மாக்காரன் இடது பக்கம் சும்மா நின்றான். ராசு என்ன நினைத்தானோ, கத்தாதவனுக்குக் கொடுத்தான். அவன் மார்பில் வாங்கி, தரையில் விழவிடாமல் அடித்தான். எனக்குப் பந்து தெரியவில்லை, வலை அசைந்ததுதான் தெரிந்தது.

மைக்கில் நான் என்ன பேசினேன் என்பதற்கு வீடியோ இருக்கிறது, மறுக்க முடியாது. "இந்த மண்ணின் மைந்தன்" என்றேன். "நம்ம ரத்தம்" என்றேன். அவன் கொள்ளுத்தாத்தா பெயரை மூன்று முறை சொல்லி, அவருடைய நேர் வாரிசு என்றேன். பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அய்யா தலையைக் குனிந்துகொண்டார். ஊருக்கு ஆனந்தக் கண்ணீர் என்று தோன்றியிருக்கும்.

பங்குனிப் பொங்கலில் கோயிலில் அவனுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். தலையில் துணி சுற்றிக்கொண்டு, பிரசாதத்தை வாங்கும்போது இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றான். பர்மாவில் பெரியவர்களிடம் எதை வாங்கினாலும் கொடுத்தாலும் அப்படித்தான். பெண்கள் அவனைச் சுட்டிக்காட்டித் தங்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள். அந்த ஒரு வாரம் அவனை விடச் சொந்தக்காரன் ஊரில் எவனும் இல்லை.

விசா முடியப் போகிறது என்று தெரிந்தபோது டீக்கடையில் பேச்சு வந்தது. அவன் ஊரில் புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். வாலிபப் பையன்களைப் பெயர் எடுத்து ராணுவத்துக்குக் கட்டாயமாக இழுத்துப்போகிற சட்டம். அவன் தெருவில் ஏற்கெனவே ஆறு பேர் போயிருந்தார்கள், இரண்டு பேர் பெட்டியில் திரும்பியிருந்தார்கள். அஸ்தியைக் கரைக்கிற சாக்கில் மகனை வெளியே கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறார் அம்மா. இதையும் ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கித்தான் தெரிந்துகொண்டோம்.

ராசு நம்பவில்லை. "மிலிட்டரிக்குப் பயந்தா ஓடியாந்த? இங்கன பாரு, வெள்ளனவே எந்திரிச்சு ஓடி ஓடிப் பயலுகளுக்கு முட்டி தேயுது. ஒருத்தனுக்குக் கெடச்சா ஊரே வெடி போடுது."

அது உண்மை. எங்கள் மாவட்டத்தில் ராணுவத்துக்குப் பையனை அனுப்பாத தெரு குறைவு. வேலை கிடைத்தவனுக்குப் பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைப்போம், டிசைன் என்னுடையதுதான்.

"அங்கன சொந்த ஊரச் சுடச் சொல்வாங்க அண்ணே" என்றான் அவன்.

ராசு அவனுக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தான்.

ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்திருக்கிறான். அதுவும் தனியாக, பஸ்ஸில். வம்சாவழிப் படத்தைச் சுருட்டாமல் மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறான். வக்கீல் பார்த்துவிட்டு லேமினேஷன் நன்றாக இருக்கிறது என்றாராம். இது செல்லாது, கொள்ளுத்தாத்தா இந்த ஊர்க்காரர் என்று காட்டுகிற அந்தக் காலத்துப் பத்திரம் ஒன்று வேண்டும், அது இருந்தால் தங்குவதற்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம் என்றாராம்.

மறுநாள் காலையில் கடைக்கு வந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ரேஷன் கார்டுக்காரர்கள், முதியோர் பணத்துக்கு வந்தவர்கள் என்று கூட்டம். ஒவ்வொருவரையும் முன்னால் விட்டுவிட்டு ஓரமாக நின்றான். ஒரு தடவை கரண்ட் போய் வந்தது. பதினொன்றரை மணிக்குக் கடையில் நானும் அவனும்தான். கையை முழங்கையில் வைத்துக்கொண்டு கிட்டே வந்தான்.

"சித்தப்பா, பூட்டன் பேர்ல பழைய பத்திரம் ஒண்ணு இங்கன இருக்குன்னு அந்தக் கடுதாசியில எழுதியிருக்கு. அதுல ஒரு ஜெராக்ஸ் கெடைக்குமா?"

எங்கள் வீட்டில் இருந்த அத்தனை நாட்களில் அவன் கேட்டது அது ஒன்றுதான். ஊருக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறவனிடம் ஒரு ஜெராக்ஸ்.

"தேடிப் பாக்கணும்ப்பா" என்றேன். "பழசு. கரையான் அரிச்சிருந்தாலும் அரிச்சிருக்கும்."

பத்திரம் எங்கள் வீட்டு பீரோவில் இரண்டாவது தட்டில் இருந்தது. கெட்டிக் கவரில் போட்டு வைத்தவன் நான். அதில் கண்ட நிலம் ஊருக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் சொச்சம், முழுக்கச் சீமைக்கருவேல முள். போகும்போது பார்த்துக்கொள் என்று தம்பியிடம் அண்ணன் விட்டுப் போனது. தாத்தா பார்த்துக்கொண்டார், அய்யா பார்த்துக்கொண்டார். பெயர் மட்டும் மாறவில்லை. சோலார் கம்பெனிக்காரர்கள் அந்தப் பக்கம் குத்தகைக்கு இடம் கேட்டு வந்ததும் முள்ளுக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. அதனால் அந்த அண்ணன் வாரிசு இல்லாமல் இறந்துபோனார் என்று அய்யா தாலுகா ஆபீசில் மனுப் போட்டிருந்தார். மனுவை டைப் செய்தவன் நான். போட்டி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு. நேர் வாரிசு என்று வம்சாவழிப் படம் வந்த அதே பிரிண்டரில்தான் வாரிசே இல்லை என்ற மனுவும் வந்தது. மை கூட மாற்றவில்லை.

அய்யாவிடம் அன்று மதியம் பேசினேன். பேசினேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம், பேச்சைத் தொடங்கினேன்.

"குடுத்தா, அவன் நெலத்தக் கேப்பான்" என்றார்.

"கேக்கிற புள்ளையா அது?"

"அவன் கேக்க மாட்டான். நாளைக்கு அவனக் கட்டிக்கிட்டு வாரவ கேப்பா."

அவனே இதை எப்படியோ புரிந்துகொண்டான். சாயங்காலம் அய்யா முன்னால் வந்து உட்கார்ந்தான். "தாத்தா, நெலம் எனக்கு வேணாம். பாத்தியதை இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். அந்தத் தாள்ல பூட்டன் பேரும் ஊர்ப் பேரும் இருக்குல்ல, அது மட்டும் போதும்."

அய்யா அவன் தலையைத் தடவினார். தங்கமான பிள்ளை என்றார். அவன் மாடிக்குப் போனதும் என்னிடம் திரும்பினார். "எனக்கு வேணாம்னு அவன் எழுதிக் குடுத்தா, அவனுக்கு இருந்துச்சுன்னு ஆயிப் போகும்ல. வாங்கிறாத."

எழுபத்தாறு வயதில் இப்படி ஒரு தெளிவு எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று தெரியவில்லை. நான் எதிர்த்துப் பேசியிருக்கலாம். பீரோ சாவி என் இடுப்பில்தான் இருந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு பிரதி எடுக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். எடுக்கவில்லை. அந்தக் குத்தகைப் பணத்தில் மகளை நர்சிங் சேர்ப்பதாக நானும் மனதுக்குள் ஒரு கட்டடம் கட்டியிருந்தேன். அய்யாவின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவது எனக்கு வசதியாக இருந்தது.

என் மனைவிக்குப் பத்திரம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியும். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "கரையான் அரிச்சிருச்சா?" என்று மட்டும் கேட்டாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

பத்திரம் இல்லாவிட்டால் இந்த ஊர் வாரிசு என்று ஒரு ஊர்க்கடிதமாவது வாங்கலாமே என்று அவனை ஊர்த் தலைவரிடம் அனுப்பினேன். என் மனசாட்சிக்கு நான் செய்த உபகாரம் அது. தலைவர் அவனை நாற்காலியில் உட்காரவைத்துக் கலர் வாங்கிக் கொடுத்தார். "கப்பு வேற, கவர்மெண்டு வேறப்பா" என்றார். மைக்கில் சொல்வதற்குச் சாட்சி தேவையில்லை, தாளில் எழுதினால் நாளைக்கு யார் யாரோ கேள்வி கேட்பார்கள் என்று விளக்கினார். தவிரவும் ஊர் லெட்டர்பேடு தீர்ந்துவிட்டது என்றார். முந்தின வாரம்தான் இருநூறு தாள் அடித்துக் கொடுத்திருந்தேன்.

அவன் திரும்பி வந்து கடை வாசலில் நின்றான். என்னாச்சு என்று தெரியாதவன் போலக் கேட்டேன்.

"லெட்டர்பேடு இல்லையாம் சித்தப்பா."

"வந்ததும் வாங்கித் தாரேன்."

"ஒண்ணுமில்ல சித்தப்பா" என்றான். அதற்குப் பிறகு பத்திரம் என்ற பேச்சை அவன் எடுக்கவில்லை. என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்திருப்பான். அவன் ஒரு தடவை கோபமாகக் கேட்டிருந்தால், கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால், நான் கொடுத்திருப்பேனோ என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் கொடுக்காததற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

விசா முடிய இரண்டு நாள் இருக்கையில் ராமநாதபுரம் ஸ்டேஷனுக்கு நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். ராசு ஒரு புதுப் பந்தில் அணி முழுக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். கையெழுத்துப் போட எங்கள் ஊர் தயங்காத ஒரே பொருள் அந்தப் பந்துதான். ரயில் வரும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வழியில் சாப்பிட என்ன வேண்டும், தண்ணீர் போதுமா, போர்வை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்கிற வேலையை முழுக்க நானே செய்தேன். ரயில் ஏறும்போது என் கையைப் பிடித்து, இன்னொரு கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டான்.

"போயிட்டு வாரேன் சித்தப்பா."

"வாப்பா" என்றேன்.

வாரிசு இல்லை என்ற சான்று அவன் போன அடுத்த மாதம் கிடைத்தது. சோலார்காரர்கள் அதற்குள் வேறு பக்கம் இடம் பிடித்துவிட்டார்கள். முள் இன்னும் அங்கேதான் நிற்கிறது, எங்கள் பெயரில்.

இந்த வருடம் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது ராசு கடைக்குள் ஓடிவந்தான். போனை நீட்டினான். அவன் அம்மா ராசுவுக்குத்தான் படம் அனுப்பியிருந்தார், எனக்கு இல்லை. பச்சைச் சீருடை, ஒட்ட வெட்டிய தலை, தோளில் துப்பாக்கி. முகம் மட்டும் பழையபடி, யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாத முகம். கூடவே ஒரு குரல் பதிவு. கடைத்தெருவில் வைத்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். எந்தப் பக்கம் அனுப்பினார்கள் என்று தெரியவில்லையாம். கோயிலில் அவன் பேருக்கு ஒரு விளக்குப் போடுங்கள் தம்பி என்று அழுதார்.

"நம்ம பய மிலிட்டரி ஆயிட்டான்ணே" என்றான் ராசு. கண்ணில் நிஜமான சந்தோஷம்.

"புடிச்சுட்டுப் போயிருக்காங்கடா. அந்தம்மா அழுகுது."

"எங்க ஆத்தா கூடத்தான் என் அண்ணன் போறப்ப அழுதுச்சு. எப்படிப் போனா என்ன, மிலிட்டரி மிலிட்டரிதானண்ணே. ஊர்ப் பேருல ஃப்ளெக்ஸ் வைக்கணும்னு தலைவர் சொல்லிட்டாரு. போட்டி நேரம், நாலு ஊர்க்காரன் பாப்பான்."

தலைவரும் பின்னாலேயே வந்தார். இந்த முறை லெட்டர்பேடு வேண்டியிருக்கவில்லை. ராணுவத்தில் இணைந்த எங்கள் மண்ணின் மைந்தனை வாழ்த்துகிறோம் என்று அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். மாட்டேன் என்று எழுந்திருக்கலாம். கடை என்னுடையது, கம்ப்யூட்டர் என்னுடையது. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது, ஆனால் விரல் நிற்கவில்லை. சீருடைப் படத்தைப் பெரிதாக வெட்டி நடுவில் வைத்தேன். வாழ்த்துவோர் வரிசைக்கு ஊரே படம் அனுப்பியிருந்தது. அய்யாவும் வேட்டி சட்டையோடு ஒன்று எடுத்து அனுப்பியிருந்தார்.

"ஒன் படத்த மொதல்ல போடுய்யா" என்றார் தலைவர். "என்ன இருந்தாலும் சொந்தம். பேருக்குக் கீழ சித்தப்பான்னு போடு. நாலு பேருக்குத் தெரியட்டும்."

போட்டேன்.